மொட்டை மாடி சோலார்: காற்று எத்தனை கிலோ தூக்கும்? எக்ஸெலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்கலாம் என்று முடிவு செய்தவுடன் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும், எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குப் போடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். 2024-ல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் அறிவிக்கப்பட்டு, 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம் என்று தெரிந்ததும் இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். அதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. பேனல், இன்வெர்ட்டர், கேபிள், எர்த்திங் எல்லாவற்றுக்கும் மாடல் நம்பரோடு விவரம் இருந்தது. கடைசி வரியில் மட்டும் 'ஜி.ஐ. ஸ்ட்ரக்சர் - 1 செட்' என்று முடித்திருந்தார்கள்.

அந்த ஒரு வரியைத் தாண்டி நான் போயிருப்பேன். போக விடாமல் செய்தது 2016 டிசம்பர் 12-ம் தேதி. அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, எதிர் வீட்டு மாடியில் இருந்த தகரக் கூரை ஒன்று அப்படியே எழும்பி, எங்கள் தெருவின் குறுக்கே விழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூரையோடு அதைத் தாங்கிய இரண்டு குழாய்களும் சேர்ந்தே வந்தன. நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை. சோலார் பேனலும் ஒரு கூரை மாதிரிதானே? அதுவும் கண்ணாடிக் கூரை.

கான்ட்ராக்டரைக் கேட்டேன். "சார், கீழே நாலு கான்கிரீட் பிளாக் போட்டு அதுல காலை நிறுத்திடுவோம். ஒவ்வொண்ணும் 65 கிலோ. உங்களால தூக்க முடியுமா?" என்றார். முடியாதுதான். காற்றால் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். எக்ஸெல் இருந்தால் எக்ஸெல், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். பதினைந்து கட்டங்கள், பள்ளிக்கூடக் கணக்கு. அவ்வளவுதான்.

காற்றின் வேகம் எங்கே கிடைக்கும்?

நம் நாட்டில் கட்டடங்களுக்கான காற்று விசையை ஐ.எஸ். 875 என்ற தர ஆவணத்தின் மூன்றாம் பகுதியைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 2015-ல் திருத்தி வெளியிடப்பட்டது. அதில் இந்தியா முழுவதற்கும் ஒரு காற்று வரைபடம் உண்டு. முக்கிய நகரங்களின் அடிப்படைக் காற்று வேகம் பட்டியலாகவும் இருக்கிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர். திருச்சிக்கு 47. கோவைக்கும் மதுரைக்கும் 39. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில், 3 விநாடி நேரம் வீசும் வீச்சின் வேகம் இது. சராசரியாக 50 வருடத்தில் ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். இது மீட்டர் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு அல்ல. விநாடிக்கு 50 மீட்டர் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். முதல் தடவை நான் 50-க்குப் பதிலாக 180 என்று டைப் செய்துவிட்டேன். என் பேனல்களைக் காற்று 27 டன் விசையோடு தூக்கும் என்று விடை வந்தது! அரை மணி நேரம் சோலாரே வேண்டாம் என்ற முடிவில் இருந்தேன்.

புதிய ஷீட்டைத் திறந்து, ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் கீழ்க்கண்டவாறு டைப் செய்யவும்.

பி1: அடிப்படைக் காற்று வேகம். எனக்கு 50.
பி2: கே1. கட்டடத்தின் ஆயுளைப் பொறுத்த எண். வீட்டுக்கு 1.
பி3: கே2. உயரத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்தது. எனக்கு 1.
பி4: கே3. மலைச்சரிவு, மேடு இருந்தால் கூடும். சமதளத்துக்கு 1.
பி5: கே4. கடலோரப் பகுதிக்கானது. வீட்டுக்கு 1.

எல்லாம் 1 தானே, எதற்கு இத்தனை கட்டம் என்று நினைக்க வேண்டாம். கே2-வைப் பாருங்கள். என் வீடு மாடியோடு கூடிய இரண்டு தள வீடு. பேனல் நிற்கும் உயரம் தரையிலிருந்து சுமார் 10 மீட்டர். பக்கத்தில் காலி மனைகளும் ஏரியும் இருப்பதால் திறந்த வெளி என்று எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் வீடுகள் நெருக்கமாக இருந்தால் இதே உயரத்துக்கு 0.91 போடலாம். ஆனால் நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், 15 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் வைப்பதாக இருந்தால் 1.05. கே4 என்பது 2015 திருத்தத்தில் வந்தது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை உள்ள பட்டையில், புயலுக்குப் பிறகும் இயங்கியாக வேண்டிய மருத்துவமனை, தகவல் தொடர்பு கோபுரம் போன்றவற்றுக்கு 1.30, தொழிற்கூடங்களுக்கு 1.15. கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ மருத்துவமனை மாடியில் பேனல் வைப்பவர்கள் இந்தக் கட்டத்தை மறக்கக் கூடாது.

பி6-ல் பி1 முதல் பி5 வரை உள்ளவற்றைப் பெருக்கும் பார்முலாவைக் கொடுங்கள். இதுதான் உங்கள் மாடிக்கான வடிவமைப்பு வேகம். பி7-ல், பி6-ஐ அதே எண்ணால் பெருக்கி, அதை 0.6 ஆல் பெருக்கவும். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ. அதில் பாதி 0.6. பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் பார்முலாதான் இங்கே வேறு உடையில் வருகிறது. எனக்கு வந்த விடை 1,500. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 153 கிலோ.

வேகத்தை வேகத்தாலேயே பெருக்குகிறோம் அல்லவா, அதில்தான் சூட்சுமம். பி1-ல் 39 என்று போட்டுப் பாருங்கள். அழுத்தம் 913-க்கு இறங்கிவிடும். கோவையைவிடச் சென்னையில் வேகம் 28 சதவீதம்தான் அதிகம். விசை 64 சதவீதம் அதிகம். கோவையில் நன்றாக நிற்கும் ஸ்ட்ரக்சரின் போட்டோவைக் காட்டி சென்னையில் விற்பது இதனால்தான் சரிப்படாது.

தள்ளுமா, தூக்குமா?

காற்று பேனலைத் தள்ளும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சென்னையில் பேனலைத் தெற்குப் பார்த்து 10 டிகிரி போலச் சாய்த்து, ஏழெட்டு அடி உயரத்தில் பந்தல் மாதிரி நிறுத்துவது வழக்கம். கீழே துணி காயப் போடலாம், வடாம் பிழியலாம் என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்பதால் இந்த உயரம். இப்படி நாலு பக்கமும் திறந்த பந்தலுக்கு, மேலிருந்து அழுத்தும் விசையைவிடக் கீழிருந்து தூக்கும் விசைதான் அதிகம். அழுத்தக் குணகம் என்ற எண்ணால் இதைச் சொல்கிறார்கள். ஒரே பக்கம் சாய்ந்த 10 டிகிரி பந்தலுக்கு அழுத்தும் பக்கம் 0.5, தூக்கும் பக்கம் 0.9.

பி8-ல் 0.9 என்று கொடுங்கள். பி9-ல் பேனல்களின் மொத்தப் பரப்பு. என் கொட்டேஷனில் இருந்தவை 545 வாட் பேனல்கள் ஆறு. ஒன்றின் அளவு 2.278 மீட்டருக்கு 1.134 மீட்டர். ஆறுக்கும் சேர்த்து 15.5 சதுர மீட்டர். பி10-ல் பி7, பி8, பி9 மூன்றையும் பெருக்கி 9.81 ஆல் வகுத்தால் விசை கிலோ கணக்கில் கிடைக்கும்.

விடை: 2,130 கிலோ.

இரண்டு டன்னுக்கு மேல். ஒரு பெரிய கார், ஆட்களோடு சேர்த்து, என் மாடியிலிருந்து மேல்நோக்கி இழுப்பதாக நினைத்துக்கொண்டேன். அதை எதிர்த்து நிற்பவை எவை? பேனல் ஒன்று 28 கிலோ என்றால் ஆறும் சேர்ந்து 168. இரும்புச் சட்டம் சுமார் 130. ஆக 300 கிலோ என்று பி11-ல் போட்டேன். நாலு பிளாக்கின் 260 கிலோவை பி12-ல் போட்டேன். பி13-ல் பி10-லிருந்து இரண்டையும் கழித்தேன். 1,570 கிலோ மேல்நோக்கி மிஞ்சியது.

கோல் சீக் சொன்ன பதில்

50 வருடத்தில் ஒருமுறை வரும் காற்றுக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போடலாம். எந்த வேகத்தில் இந்த ஸ்ட்ரக்சர் எழும்பத் தொடங்கும்?

இதற்கு எக்ஸெலில் கோல் சீக் என்ற வசதி உண்டு. பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து கோல் சீக்கைத் தேர்ந்தெடுக்கவும். கால்க்கில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். செட் செல் என்ற இடத்தில் பி13, டு வேல்யூ என்ற இடத்தில் 0, பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் பி1 என்று கொடுத்து ஓகே செய்யவும். பி1-ல் இருந்த 50 மறைந்து 25.6 வந்தது. மணிக்கு 92 கிலோமீட்டர்.

வர்தா அன்று சென்னையில் காற்று 100 கிலோமீட்டரைத் தாண்டியது. எதிர் வீட்டுத் தகரம் நினைவுக்கு வந்தது.

இந்த ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக் கான்ட்ராக்டரிடம் காட்டினேன். "நூறு வீட்டுக்கு மேல இப்படித்தான் போட்டிருக்கோம் சார், ஒண்ணும் ஆகலை" என்றார். அவர் அந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பேனலின் விவரத் தாளை எடுத்து "5,400 பாஸ்கல் தாங்கும்னு போட்டிருக்கு பாருங்க" என்றும் சொன்னார். உண்மைதான், போட்டிருந்தது. ஆனால் அது முன்பக்கத்துக்கான எண். வெளிநாட்டில் பேனல் மேல் பனி குவிந்தால் தாங்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் சோதனை. சென்னையில் பனி கொட்டுவதில்லை. அதே தாளில் பக்கத்தில் சின்ன எழுத்தில் பின்பக்கத்துக்கு 2,400 என்று இருந்தது. நமக்கு வேண்டியது அதுதான். அதுவும் சோதனை அளவு. 1.5 என்ற பாதுகாப்பு எண்ணால் வகுத்து 1,600 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். என் சராசரி தூக்கு அழுத்தம் 1,350. கண்ணாடி பிழைத்துவிடும் போலத்தான் தெரிகிறது. ஆனால் பந்தலின் ஓரங்களில் காற்று சுழலும்போது அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை போகலாம். எனவே ஓரப் பேனல்களின் கிளாம்ப்புகளை, பேனலோடு வரும் இன்ஸ்டலேஷன் மேனுவலில் காட்டிய இடத்திலேயே பொருத்த வேண்டும். கம்பி எங்கே வருகிறதோ அங்கே பொருத்துவது வேலைக்கு ஆகாது.

பிளாக்கைக் கூட்டினால் போதாதா?

அடுத்து எனக்குத் தோன்றிய யோசனை இதுதான். ஐ.எஸ். 800 என்ற இரும்புக் கட்டமைப்பு விதிப்படி, கவிழாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது காற்று விசையை 1.5 ஆலும், நமக்கு உதவும் எடையை 0.9 ஆலும் பெருக்க வேண்டும். பி14-ல் அப்படிப் போட்டேன். 3,195-லிருந்து 270 போக 2,925 கிலோ. பிளாக்கின் எடையையும் 0.9 ஆல் பெருக்கிப் பார்த்தால், 65 கிலோ பிளாக் 50 வேண்டும். அத்தனையையும் பேனல் நிற்கும் 15.5 சதுர மீட்டரில் பரப்பினால், பேனலின் எடையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டுகிறது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். புயலுக்குப் பயந்து தினமும் வீட்டின் தலையில் மூன்று டன் ஏற்றி வைப்பதா? அந்த யோசனையைக் கைவிட்டேன்.

சாய்வைக் குறைத்தால் என்ன என்று பி8-ஐ மாற்றிப் பார்த்தேன். 5 டிகிரிக்கு 0.7. தூக்கும் விசை 1,660 கிலோவாக இறங்கியது. 20 டிகிரிக்கு 1.3 போட்டால் 3,080-க்கு ஏறியது. மின்சாரம் எவ்வளவு குறையும் என்று பார்க்க ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். என்ற இலவச இணையக் கருவியில் என் ஊரைக் கொடுத்தேன். 10 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையே ஒரு சதவீத அளவில்தான் வித்தியாசம். ஆசையாக இருந்தது. ஆனால் சாய்வு குறைந்தால் மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடாமல் கீழ் ஓரத்தில் சேறாகத் தங்கிவிடும் என்று பேனல் வைத்திருக்கும் நண்பர்கள் சொன்னார்கள். அதனால் 10 டிகிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தட்டோட்டுக்குக் கீழே

மிச்சம் இருப்பது ஒரே வழி, காலைக் கட்டடத்தோடு பிணைப்பது. இங்கேதான் நம் ஊர் மொட்டை மாடியின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். மேலே தெரிவது தட்டோடு. அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், மூன்று நாலு அங்குலம். அதற்கும் கீழேதான் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். தட்டோட்டின் மேல் துளை போட்டு நாலு அங்குல ஆங்கர் போல்ட் அடித்தால், அந்த போல்ட் ஜல்லியிலேயே நின்றுவிடும். கையால் ஆட்டினால் ஆடாது. புயல் இழுத்தால் ஜல்லியோடு வந்துவிடும். போதாக்குறைக்கு அந்தத் துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கும்.

இதற்கு மேல் என் ஷீட் உதவாது என்று தெரிந்ததால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டேன். அவர் ஷீட்டைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு தவறைக் காட்டினார். நான் 2,925 கிலோவைக் கால்களின் எண்ணிக்கையால் வகுத்து, எல்லாக் காலுக்கும் சமம் என்று எழுதியிருந்தேன். "காற்று நடுவுல பிடிச்சுத் தூக்காது சார். எந்தப் பக்கம் வருதோ அந்த ஓரத்தைத்தான் முதல்ல கிளப்பும். அந்தப் பக்கத்துக் காலுக்குச் சராசரியைப் போல ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கிட்டுப் பாருங்க" என்றார். அப்படியென்றால் கோல் சீக் சொன்ன 92 கிலோமீட்டர்கூட அதிகம். அதற்கு முன்பே ஒரு பக்கம் எழும்பியிருக்கும்.

என் மனைவி அப்போது, மேற்கு வெயில் அடிக்கிறது, பந்தலின் ஒரு பக்கத்தை மட்டும் தகரம் போட்டு அடைத்துவிடலாமா என்று கேட்டார். இன்ஜினீயர் கையெடுத்துக் கும்பிட்டார். அடியில் புகுந்த காற்று மறுபக்கம் வெளியேற வழியில்லாமல் தடுத்தால், அது பேனலைத்தான் கீழிருந்து முட்டும். திறந்த பந்தலுக்கான 0.9 பிறகு செல்லாது, எண் ஏறிவிடும். பேனல் வைத்த பிறகு அடியில் அறை மாதிரி அடைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கவும். வடாமுக்கு வெயில் வேண்டுமே என்று சொல்லி நான் சமாதானம் செய்தேன்.

அவர் போட்டுக் கொடுத்த திட்டம் இது. நாலு காலுக்குப் பதில் ஆறு கால். ஒவ்வொன்றும் கீழே பீம் போகும் கோட்டின் மேல். அந்தந்த இடத்தில் மட்டும் தட்டோட்டையும் ஜல்லியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் தளம் தெரிந்ததும், பீமுக்குள் துளையிட்டு, கெமிக்கல் ஆங்கர் பசையால் கம்பிகளை ஊன்றி, அந்தக் கம்பிகளோடு சேர்த்துப் பீடம் கட்ட வேண்டும். பீடத்தைச் சுற்றி மறுபடி வாட்டர் புரூஃபிங். கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம். எதிர்காலத்தில் மேல் தளம் கட்டலாம் என்று தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. என் வீட்டிலும் இரண்டு இருந்தன. துரு ஏறாமல் நன்றாக இருந்த ஒன்றை அவர் பயன்படுத்திக்கொண்டார். இன்னொன்றைச் சுத்தியலால் தட்டினார். துரு செதில் செதிலாகக் கொட்டியது. அதை விட்டுவிட்டார்.

கான்ட்ராக்டர் முதலில் முடியாது என்றார். கையெழுத்திட்ட வரைபடத்தைக் காட்டியதும் கொட்டேஷனைத் திருத்தினார். 22,000 ரூபாய் கூடுதல். இன்ஜினீயருக்கு 4,000. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை என்று எனக்குப் பட்டது. பணம் திரும்பும் காலம் சில மாதங்கள் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். 'ஜி.ஐ. ஸ்ட்ரக்சர் - 1 செட்' என்ற வரி இப்போது முக்கால் பக்கம் ஆகியிருந்தது. நீங்கள் கொட்டேஷன் வாங்கும்போது, எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது, கால் எதில் ஊன்றப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையாவது எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

பேனல் ஏறியதும் எல்லா போல்ட்டுகளின் மேலும், நட்டிலிருந்து சட்டம் வரை, சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன். நட்டு திரும்பினால் கோடு உடைந்து தெரியும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் மழைதான் அதிகம், காற்று அவ்வளவாக இல்லை. மறுநாள் ஸ்பேனரோடு மாடிக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பீடங்கள் ஆறும் அசையவில்லை. மேற்கு ஓரப் பேனலில் இரண்டு கிளாம்ப்புகளில் மட்டும் கோடு விலகியிருந்தது. இறுக்கிவிட்டுப் புதிதாகக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.